எங்கள் வீட்டுக் குழாய் வெடிக்கவில்லை

1

இன்று காலை எங்கள் தெருவில், திறந்தால் தண்ணீர் வருகிற குழாய் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது. அது நாங்கள் குடியிருக்கிற வீடு. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் மறுக்கப்போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்டை வீட்டுப் பெண்கள் வாளியும் கெட்டிலுமாக மாடிப்படியில் வரிசை கட்டி நிற்கிறார்கள். என் மனைவி பகவதியம்மை குழாயடியில் நின்று ஒவ்வொருவருக்கும் நிரப்பிக் கொடுக்கிறாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ‘தாங்க்ஸ்’ தவிர வேறு வார்த்தை தெரியாது. இன்று அதைச் சொல்லவேண்டியவர்கள் மற்றவர்கள்.

நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். நமக்குக் குளிர் என்றால் தோவாளைக் கணவாய்க் காற்றில் மார்கழி விடியலில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வது. ஐஸ் என்றால் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கும் கட்டி. இந்த ஊரில் குழாய்க்குள் நிற்கும் தண்ணீரே அப்படிக் கட்டியாகிவிடும். கட்டியானால் அது பெருக்கும், பெருத்தால் ஈயக்குழாய் பிளக்கும். ஆனால் பிளந்தது உடனே தெரியாது. ஐஸே அடைப்பாக நின்று காத்துக்கொண்டிருக்கும். குளிர் குறைந்து, அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிற நாளில்தான் இளகி வெளியே பாயும்.

நான் மராமத்து இலாகாவில், நீர்ப்பாசனப் பிரிவில், முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து பென்ஷன் வாங்கியவன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமைக் குமாஸ்தா. மகன் நீலகண்டன் வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் நிறைந்த ஒரு நகரத்தில் சாயப் பரிசோதனைச் சாலையில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் எங்களையும் அழைத்துக்கொண்டான். இங்கே எனக்கு ஒரு நாற்காலியும் ஜன்னலும் உண்டு. பார்ப்பதற்கு ஃபைல் மட்டும் இல்லாமல் இருந்தது. சென்ற குளிர்காலத்தில் அதுவும் கிடைத்தது.

2

இந்த வீட்டின் மேல்மாடி எங்களுக்கு, கீழ்த்தளம் வீட்டுக்காரி மிஸஸ் பிளாக்கெட்டுக்கு. கணவனை இழந்தவர், எழுபதை நெருங்குபவர். முன்னறையில் ஒரு பியானோ வைத்திருக்கிறார். அந்த அறைக்கு நேர் மேலே எங்கள் குளியலறை.

இந்த வீடு கிடைத்த கதையை மருமகள் கோமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் வருவதற்கு முன், பேத்தி வள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பதினாறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். சில ஜன்னல்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று அட்டையே வைத்திருந்தார்களாம். அட்டை வைக்காதவர்கள், நேற்றே யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்றார்களாம். பதினேழாவது கதவைத் திறந்த மிஸஸ் பிளாக்கெட், உன் நிறத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, என் பியானோவைப் பற்றித்தான் கவலை என்று சொல்லி உள்ளே விட்டிருக்கிறார்.

சென்ற குளிர்காலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூன்று நாள் வெளியூரில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். கிளம்பும்முன் பகவதி ஒவ்வொரு குழாயாகப் போய்த் திருகி இறுக்கினாள். சமையலறைக் குழாய் மட்டும் எவ்வளவு இறுக்கியும் சொட்டியது. அதன் வாயில் துணியைச் சுற்றி இறுகக் கட்டினாள். நமது ஊரில் வளர்ந்த எந்தப் பெண்ணும் இதைத்தான் செய்வாள். சொட்டுகிற குழாயை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் அல்லவா? நானும் பக்கத்தில் நின்று ஆமோதித்தேன்.

எதிர்வீட்டுக்காரர் தம் குழாயை நூல் போல ஓடவிட்டுவிட்டுப் போயிருந்தார். அசையும் தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் திரும்பி வந்து, இந்த ஜனங்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியவில்லை என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் குழாய் மரம் போலக் கெட்டியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, வெயில் என்று இவர்கள் சொல்லுகிற ஒரு வெளிச்சம் வந்த மத்தியானம், குளியலறைச் சுவரோரம் புதுவேட்டி கிழிவது போல் ஒரு சத்தம் கேட்டது. விரல் நீளப் பிளவு. அதிலிருந்து தண்ணீர் எதிர்ச்சுவர்வரை பீறிட்டது. வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்துகிற திருகு, கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறு அறைக்குள் இருக்கிறது. அறை பூட்டியிருந்தது. சாவி மிஸஸ் பிளாக்கெட்டின் கைப்பையில், கைப்பை அவரோடு கடைத்தெருவில். அவர் வந்து சேர்வதற்குள் முன்னறைக் கூரையின் சுண்ணாம்பு மொத்தமாகப் பெயர்ந்து பியானோமேல் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் அவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் மேலும் கீழும் இருந்துகொண்டு தபாலில் அனுப்பினார். அதனால் விஷயம் தீவிரம் என்று புரிந்துகொண்டேன். இனிமேல் மேல்மாடிக் குழாய்களுக்கு முழுப் பொறுப்பும் நீங்களே, என் கூரையில் இன்னும் ஒரு சொட்டு இறங்கினால் அந்த வாரமே வீட்டைக் காலி செய்ய வேண்டும். இவ்வளவுதான். நீலகண்டன் படித்துவிட்டு அதை அடுப்பில் போடப் போனான்.

“ஏலே மக்கா, அத இஞ்ச தா. கையெழுத்துப் போட்ட கடுதாசிய எவனாவது எரிப்பானா?” என்று வாங்கி ஓர் அட்டைக்குள் வைத்தேன். அதுதான் ஃபைலின் முதல் தாள்.

3

வசந்தகாலம் முழுவதும் நகர நூல்நிலையத்தில் கழிந்தது. தண்ணீர் இலாகாவின் துணைவிதிகள் அங்கே ஒரு சிவப்பு அட்டைப் புஸ்தகமாகக் கிடக்கின்றன. நான் கேட்டபோது அதை எடுத்துத் தந்த அம்மாள் தூசி தட்டியதைப் பார்த்தால், அதைப் படித்த முதல் பிரஜை நான்தான் போலிருக்கிறது. படித்ததில் ஒன்று உறைத்தது. எதிர்வீட்டுக்காரர் போலக் குழாயை ஓடவிடுவது தண்ணீரை வீணாக்கும் குற்றம், அபராதம் உண்டு. எல்லாரும் செய்கிறார்கள், ஒருவரும் படிக்கவில்லை. ஆக, அந்த வழி நமக்கு இல்லை. குற்றம் செய்து வீட்டைக் காப்பாற்றுவது குடியிருப்பவனுக்கு அழகல்ல, அதிலும் நம் நிறத்தில் குடியிருப்பவனுக்கு.

மிஸஸ் பிளாக்கெட்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். குழாய்களுக்குக் குளிர் தாக்காமல் உறை சுற்ற அனுமதி வேண்டும், மாடிப்படி அறையின் சாவியில் ஒரு பிரதி வேண்டும். அரசின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரிக்கு எழுதிப் பழகிய ஆங்கிலம். தங்கள் மிகப் பணிவுள்ள வேலைக்காரன் என்று முடித்துக் கையெழுத்திட்டேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, தமக்கு வேலைக்காரன் யாரும் தேவையில்லை, உன் மாமனாருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கோமதியிடம் விசாரித்தாராம்.

பதில் வரவில்லை. முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல். மூன்றாவதற்குத்தான் எந்தக் கச்சேரியும் அசையும் என்பது என் அனுபவம். மூன்றாவதற்கு அசைந்தது: உறை சுற்றலாம், பார்வைக்கு அசிங்கமாக இருக்கக்கூடாது, சாவி கிடையாது.

இதே சமயத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்க ஒரு படிவம் வந்தது. சொந்த ராஜ்யம் எது என்று அதில் ஒரு கட்டம். நான் பிறந்தது திருவிதாங்கூரில், பென்ஷன் வருவது திரு-கொச்சியிலிருந்து. இனி நம் தாலுகாக்கள் சென்னையோடு சேரும் என்று உங்கள் கடிதங்கள் சொல்லுகின்றன. ஊரில் என் வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ராஜ்யங்கள் அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. மூன்றையும் எழுதி, பொருத்தமில்லாததை அடித்துக்கொள்ளவும் என்று குறிப்புப் போட்டு அனுப்பினேன். ஒன்றையும் அடிக்காமல் பாஸ்போர்ட் வந்தது.

4

ஐப்பசியில் உறை சுற்றத் தொடங்கினேன். விதிப்புஸ்தகத்தின் பின்னிணைப்பில் சொன்னபடி பழைய செய்தித்தாள், அதன்மேல் கித்தான், அதன்மேல் சணல். குளியலறையில் இரண்டு முழம் முடிக்க ஒரு பகல் ஆயிற்று. பகவதி வந்து பார்த்தாள்.

“இது என்னது, முறிஞ்ச கைக்குக் கட்டுப் போட்டமாரி?” என்றாள். விரலால் லேசாகத் தட்டினாள். காகிதம் நழுவித் தரையில் விழுந்தது. “மராமத்தாப்பீசுல என்னத்தப் பாத்திய இத்தன வருசம்?”

“ஆர்டர் பாத்தேன்.”

“அதான் தெரியுதே. மாறி நில்லுங்க.”

அவள் தாழக்குடிப் பக்கத்தில் நெல்விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். விதைநெல்லை அங்கே கோட்டை கட்டி வைப்பார்கள். வைக்கோலைத் திரித்துப் பிரியாக்கி, நெல்லைச் சுற்றி வரிவரியாக இறுக்கி, பூசணிக்காய் போல உருட்டிக் கட்டுவது. உள்ளே ஈரமும் போகாது, சூடும் போகாது. மாசி அறுவடையான கும்பப்பூவில் கட்டிய விதை அடுத்த விதைப்புவரை உயிரோடு இருக்கும். ஆண்கள் கட்டுவார்கள். தன் அப்பன் கட்டியதைவிடத் தான் திரித்த பிரி இறுக்கம் என்று அவள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் நம்பியதில்லை.

இங்கே பால்காரருக்குக் குதிரைவண்டி. அவருடைய லாயத்திலிருந்து கோதுமை வைக்கோல் இரண்டு கட்டு வந்தது. நெல் வைக்கோல் மாதிரி வளையாது, முறியும் என்று முதலில் குறைப்பட்டாள். பிறகு தண்ணீர் தெளித்து ஒரு பொழுது வைத்திருந்து, கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு திரிக்க ஆரம்பித்தாள். நான்கு நாளில் குளியலறை, சமையலறை, பரணில் இருக்கும் தண்ணீர்த்தொட்டி, அதற்கு ஏறும் குழாய் எல்லாம் ஒரே சீராகப் பிரி சுற்றி நின்றன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஊசி நுழையாது.

வள்ளிக்கு ஏழு வயது. நாங்கள் தமிழில் சொல்வதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ‘வாலி’. ‘நாங்கள்’ என்று அவள் சொன்னால் அதில் அவளும் அவள் வகுப்பும்தான் அடக்கம், நான் இல்லை. குளியலறையைப் பார்த்துவிட்டு, குழாய்க்கெல்லாம் பாட்டி சடை பின்னிவிட்டாள் என்று ஆங்கிலத்தில் கூவினாள். பகவதிக்கு அது எப்படிப் புரிந்ததோ, “ஏட்டி, நீயும் வந்து இரி, ஒனக்கும் பின்னித் தாறேன்” என்று தமிழில் கூப்பிட்டாள். அவளும் போய் உட்கார்ந்தாள். இரண்டு பாஷைக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான் ஒருவன் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பதவியும் ரத்து.

மிஸஸ் பிளாக்கெட் ஏறி வந்து பார்த்தார். அசிங்கமாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தவர், பிரியைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

5

வைக்கோல் சூட்டைக் காக்கும், சூட்டை உண்டாக்காது. வீட்டுக்குள் கணப்பு எரிகிறவரைதான் அதன் அதிகாரம். தை பிறந்து சில நாளில் மிஸஸ் பிளாக்கெட், உடம்புக்கு முடியாத தம் தங்கையைப் பார்க்க ரயிலேறிப் போனார். கீழ்த்தளம் முழுவதும் கணப்பு அணைந்தது. மாடிப்படி அறை பூட்டியிருந்தது. சாவி, வழக்கம்போல, கைப்பையில். மறுநாள் வானொலியில், உறையவைக்கும் கீழ்க்காற்று வருகிறது, வெகுநாள் நிற்கும் என்றார்கள்.

கோமதிக்கு அப்போது எட்டு மாதம். ஒரு சொட்டு விழுந்தால் அந்த வாரமே வெளியே. பதினெட்டாவது கதவைத் தட்ட இந்த முறை அவள் நிறைவயிற்றோடு போகவேண்டும்.

செய்யவேண்டியது எனக்கு நன்றாகத் தெரியும். வருஷாவருஷம் கால்வாய் மராமத்துக்காக அணைத் தண்ணீரை நிறுத்தும்போது நான் எழுதிய உத்தரவுதான்: தலைமடையை அடை, கடைமடையைத் திற, நடுவில் உள்ள எல்லா மடையையும் திறந்து வை, கால்வாயில் ஒரு பொட்டு நிற்காமல் வடியவிடு. குழாயில் தண்ணீரே இல்லையென்றால் குளிர் எதை உறையவைக்கும்? கடைமடை கொல்லையில் கரிக்கொட்டகை ஓரத்துக் குழாய், அது தாழ்வான இடத்தில் இருக்கிறது. தலைமடைதான் பூட்டுக்குள். ஆனால் அதற்கும் மேலே ஒரு தலைமடை உண்டு. தெருவில், நடைபாதைக்கு அடியில், இரும்பு மூடிக்குள். அதைத் தண்ணீர் இலாகாவின் ஆள்தவிர எவரும் தொடக்கூடாது.

திங்கட்கிழமை காலை ஃபைலுடன் அந்த ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. பழுதில்லாத வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தும் வழக்கமில்லை என்றார். வழக்கத்தை நான் கேட்கவில்லை, விதியைக் கேட்கிறேன் என்றேன். விதிப்படி வீட்டு உடைமைக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார். எந்த விதி என்று கேட்டேன். சிவப்புப் புஸ்தகத்தை அவர் தேடி எடுப்பதற்குள் நானே விதியின் இலக்கத்தைச் சொல்லிவிட்டேன். அதில் உடைமைக்காரர் ‘அல்லது குழாய்களின் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்’ என்று இருக்கிறது.

நீங்கள் பொறுப்பானவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்.

வீட்டுக்காரியின் கடிதத்தை எடுத்து அவர்முன் வைத்தேன். மேல்மாடிக் குழாய்களுக்கு முழுப் பொறுப்பும் நீங்களே. கையெழுத்து, விலாசம், தபால் முத்திரையோடு உறை. அவர் இரண்டு முறை படித்தார். உள்ளே போய் மேலதிகாரியை அழைத்து வந்தார். அவரும் இரண்டு முறை படித்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்தொரு வருஷம் நான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. கவுண்டருக்கு வெளியே நின்று அதை வாங்கிக்கொள்வது இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மத்தியானம் மூன்று மணிக்கு, ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் வந்தார். மூடியைத் தூக்கித் திருகினார். அதற்கு முன்பே வாளி, அண்டா, குளிக்கும் தொட்டி எல்லாம் நிரப்பி வைத்திருந்தோம். கொல்லைக் குழாயைத் திறந்தேன், மேலே எல்லாவற்றையும் திறந்தேன். கடைசியாகக் கக்கூஸ் கோப்பையில் தேங்கிய நீர் உறையாமலிருக்க இரண்டு கைப்பிடி உப்பைப் போட்டேன். உப்பைக் கொண்டு கக்கூசில் கொட்டுகிற மனுஷனோடு தான் வாழ்ந்திருப்பதாகப் பகவதி சுவரிடம் சொன்னாள்.

6

செவ்வாயும் புதனும் தெருவில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் வந்தது, எங்கள் வீட்டில்தவிர. குளிக்கும் தொட்டியில் காலையில் பாலாடை போல் பனி படிந்திருக்கும். அதை உடைத்துக் கோரிச் சுடவைத்தோம். எதிர்வீட்டுக்காரர் தம் ஜன்னலிலிருந்து கையாட்டினார். பகவதி மூன்று வேளையும் தண்ணீரைச் சொல்லி ஒரே பாட்டுத்தான்: “முப்பத்தோரு வருசம் ஊருக்கு வெள்ளத்த அடைச்சிய. இப்பப் பெத்த பிள்ளைக்கும் அடைச்சாச்சு. நிம்மதியா?”

புதன் சாயங்காலம் நீலகண்டன் வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றாமலே ஆரம்பித்தான்.

“அப்பா, பக்கத்து வீட்டுல ஓடுது, எதிர்த்த வீட்டுல ஓடுது. இவ இந்த நெலமையில வாளியில கோரிக் குளிக்கா. யாருக்காச்சுட்டி இப்படி அடைச்சுப் போட்டிருக்கிய?”

“ஒனக்குத்தான் மக்கா.”

“எனக்கு வெள்ளம் வேணும்.”

“ஒனக்கு வீடு வேணும். வெள்ளம் பொறவு.”

நாளைக் காலை போய்த் திறக்கச் சொல்லப்போகிறேன் என்றான். மாடிப்படி அறைக்கு மேல் அவன் சொல்தான் சட்டம், வாடகைச் சீட்டு அவன் பெயரில். அப்போது அடுப்படியிலிருந்து கோமதி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“திறக்கண்டாம். மாமா சொன்னபடி கிடக்கட்டு. எனக்கு வாளி போதும். வீடு தேடிப் போனது நீங்க இல்ல, நான்.”

நீலகண்டன் கோட்டைக் கழற்றி மாட்டினான்.

வியாழன் விடிந்தபோது தெருவில் ஒரு குழாயும் பேசவில்லை. எதிர்வீட்டில் நூல் போல ஓடிய தண்ணீர் தொட்டிக்குழியிலேயே உறைந்து, ஒரு கண்ணாடித் தூணாகக் குழாய்வரை ஏறி நின்றதாம். அதற்குப் பின் ஆறு நாள் எல்லாரும் இலாகாவின் தண்ணீர்வண்டிக்கு முன்னால் சமமாக நின்றோம். பகவதி குடத்தை இடுப்பில் வைத்து நடக்கிற நடையைப் பார்த்து மற்றப் பெண்கள் வழிவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை பனி இளகியது. பத்து மணிக்கு முதல் சத்தம் எதிர்வீட்டில். பிறகு வலப்பக்கம், பிறகு கோடி வீடு. மத்தியானத்துக்குள் தெருவெங்கும் கதவைத் திறந்துகொண்டு நாற்காலிகளும் கம்பளங்களும் வெளியே வந்தன. எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இலாகா ஆள் வந்து திறந்தார். திறந்து கிடந்த குழாய்களில் தண்ணீர் வர வர, நான் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போனேன். முதலில் காற்றுச் சீறியது, பிறகு தண்ணீர் வந்தது. இலாகா ஆள் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு மிஸஸ் பிளாக்கெட் முதல் ரயிலில் வந்து சேர்ந்தார். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு முன்னறைக்குள் ஓடினார். நான் படியில் நின்று பார்த்தேன். கூரையைப் பார்த்தார், பியானோவின் மேல்மூடியைக் கையால் தடவினார், அந்தக் கையைப் பார்த்தார். தூசிதான் இருந்தது. பிறகு மாடியேறி வந்து, யார் செய்தது என்று கேட்டார். உத்தரவு நான், வைக்கோல் என் மனைவி என்றேன். பகவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் என்னவோ நெடுநேரம் சொன்னார். பகவதி, “அதுக்கென்ன, பெரிய காரியமா” என்றாள்.

நீங்கள் விரும்புகிறவரை இந்த வீட்டில் இருக்கலாம் என்றார் மிஸஸ் பிளாக்கெட். எழுத்தில் தந்தால் நல்லது என்றேன். நீலகண்டன் என்னை முறைத்தான். அவர் சிரித்துவிட்டு, அங்கேயே ஒரு கடித உறையின் முதுகில் எழுதி நீட்டினார். தேதி இல்லை என்று சுட்டிக்காட்டினேன். தேதியும் போட்டார். முத்திரை இல்லை, சாட்சி இல்லை, மராமத்து ஆபீசாக இருந்தால் ஆட்சேபணை எழுதித் திருப்பியிருப்பேன். இதை அப்படியே ஃபைலில் வைத்துவிட்டேன்.

நேற்று கோமதி பிரசவ ஆஸ்பத்திரிக்கான படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள். பெயர், வயது, எத்தனையாவது பேறு எல்லாம் எழுதியாயிற்று. ‘நிரந்தர விலாசம்’ என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டாள். வள்ளி பிறந்தபோதும் அந்தக் கட்டம் இருந்ததாம். அப்போது சுசீந்திரத்தில் தன் அப்பா வீட்டை எழுதினாளாம்.

“மாமா, இதுல என்ன எழுத?” என்றாள்.

இந்த வீட்டு எண்ணையும் தெருவையும் சொன்னேன். அவள் பென்சிலால் மெல்ல எழுதத் தொடங்கினாள். பென்சிலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என் மைப்பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.